இங்கிலாந்தின் பழைய குண்டுவீச்சு விமானத் தளம் ஒன்றின் கதையைத் தோண்டியெடுப்பது எப்படி?

இரண்டாம் உலகப்போர் காலத் தளம் ஒன்றைப் பற்றித் தேட ஆரம்பித்தால் எல்லாரும் முதலில் தளத்தின் பெயரைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். அதில் ஓரளவுக்குத்தான் தேறும். கதையெல்லாம் அங்கிருந்து பறந்த ஸ்குவாட்ரன்களிடம்தான் (விமானப்படைப் பிரிவுகள்) இருக்கிறது, அதனால் எந்த ஸ்குவாட்ரன் எப்போது வந்தது, எப்போது போனது என்பதை முதலில் பிடியுங்கள். லிங்கன்ஷையரில் உள்ள ஈஸ்ட் கிர்க்பியையே எடுத்துக்கொள்வோம்: 1943 ஆகஸ்டில் ஸ்காம்ப்டனிலிருந்து 57-வது ஸ்குவாட்ரன் தன் லங்காஸ்டர் என்ற நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானங்களோடு வந்தது, நவம்பரில் அதிலிருந்தே ஒரு பகுதியைப் பிரித்து 630-வதை உருவாக்கினார்கள். இந்த இரண்டு எண்கள் போதும்.

அப்புறம் செயற்கைக்கோள் படம். அந்தக் காலத்துக் குண்டுவீச்சுத் தளங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சு: ஒன்றையொன்று வெட்டும் மூன்று ஓடுதளங்கள், பெரியது சுமார் 2000 கெஜம், மற்ற இரண்டும் 1400 கெஜம், சுற்றிலும் ஒரு பாதை, அந்தப் பாதையிலிருந்து கிளை பிரியும் நிறுத்துமிடங்கள். ஒரே தாக்குதலில் எல்லா விமானமும் போய்விடக் கூடாது என்றுதான் இப்படிச் சிதறி நிறுத்தினார்கள். கான்கிரீட்டைப் பெயர்த்து எடுத்துப் போயிருந்தாலும் பயிரின் நிறத்தில் கோடு தெரியும், சில இடங்களில் கோழிப் பண்ணைக் கொட்டகைகள் ஓடுதளத்தின் மேலேயே வரிசையாக நிற்கும்.

சரி, இனிதான் உண்மையான வேலை. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஸ்குவாட்ரன்களின் அன்றாடப் பதிவேடுகள் 'ஏர் 27' என்ற வரிசையில் இருக்கின்றன, தளத்தின் பதிவேடு 'ஏர் 28'. ஸ்குவாட்ரன் பதிவேட்டில் 540-ஆம் படிவம் அன்றன்றைய சுருக்கம், 541 ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனி விவரம். நான் 541-ஐத்தான் முதலில் திறக்கச் சொல்வேன். விமான எண், விமானத்தில் போன ஏழு பேரின் பெயர்கள், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம். திரும்பாத விமானத்துக்கு இறங்கிய நேரம் இருக்காது, பக்கத்தில் கிளம்பிய பிறகு தகவல் எதுவும் இல்லை என்பது மாதிரி ஒரே ஒரு வரி. தேதியில் மட்டும் கவனம்: தாக்குதல் நடந்தது இரவில் என்பதால் மார்ச் 30-ஆ 31-ஆ என்று குழப்பம் வரும், இரண்டு நாளையும் பாருங்கள்.

கிடைத்த பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடுங்கள். பலரின் கல்லறை ஜெர்மனியில் இருக்கும், உடல் கிடைக்காதவர்களின் பெயர் ரன்னிமீட் நினைவகத்தில். லிங்கனில் உள்ள பாம்பர் கமாண்ட் (பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவு) மையத்தின் இழப்புப் பட்டியலும் இலவசம்தான்.

நேரில் போகிறீர்களா? பெரும்பாலான தளங்கள் இன்று தனியார் விவசாய நிலம், கேட்காமல் நுழையாதீர்கள், துருப்பிடித்த இரும்பு எது கிடந்தாலும் தொடாதீர்கள். ஈஸ்ட் கிர்க்பியில் அந்தத் தொல்லை இல்லை. 1944 மார்ச் 30 இரவு ஜெர்மனியின் நூரம்பெர்க் நகர்மீது நடந்த தாக்குதலில் அண்ணனை இழந்த பேன்டன் சகோதரர்கள் அங்கே அருங்காட்சியகமே வைத்துவிட்டார்கள், 'ஜஸ்ட் ஜேன்' என்ற லங்காஸ்டர் நான்கு இன்ஜினும் உறும தரையில் ஓடும். எல்லா நாளும் ஓட்டுவதில்லை, தேதி பார்த்துக் கிளம்புங்கள்.