கிட்டார் கச்சேரிக்கு எந்த இருக்கை?
ஜோ போனமாசா போன்ற ப்ளூஸ்-ராக் கிட்டார் கலைஞரின் அரங்க நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு வாங்கும்போது, விலை மிகுந்த முதல் வரிசையை விட்டுவிட்டு, ஒலிக்கலவை மேசைக்குச் சற்று முன்னால் உள்ள இருக்கையைத் தேர்ந்தெடுங்கள். அந்த மேசையில் இருக்கும் ஒலிப்பொறியாளர் தம் காதுக்குக் கேட்பதை வைத்தே கிட்டார், குரல், டிரம்ஸ் ஆகியவற்றின் அளவைச் சீர்செய்வதால், எல்லாம் பொருந்தி ஒலிக்கும் இடம் அதுதான். முன்வரிசையிலோ, கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் 12 அங்குல ஒலிபெருக்கி உயர் அதிர்வெண்களைக் குறுகிய கற்றையாக நேரே பாய்ச்சுவதால், அதற்கு எதிரே அமர்ந்தவரின் காது கூசும். மேலே தொங்கும் ஒலிபெருக்கிகளிலிருந்து வரும் குரலும் அமுங்கிப்போகும். கம்பியை வளைக்கும் விரல்களைக் கண்ணால் காண்பதே முக்கியம் என்பவர்களுக்கும், மேசையை ஓரத்திலோ மாடத்திலோ வைத்திருக்கும் அரங்குகளுக்கும் இது பொருந்தாது. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பட்டி கை (Buddy Guy) 1989இல் சிகாகோவில் தொடங்கிய லெஜெண்ட்ஸ் போன்ற சிறு இசைக்கூடங்களில், மேடையை ஒட்டிய இடமே சிறந்தது.