பின் ஸ்பீக்கர்கள் ஊமையான கதை

விலை குறைந்த 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், கனத்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர்) ஒன்றை ஏஆர்சி வழியாக, அதாவது டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே வெளியே அனுப்பும் வசதி மூலம், டிவியில் இணைத்தேன். முன்னால் இடது, வலது, சப்வூஃபர் மட்டும் பேசின. நடுவிலும் பின்னாலும் மூச்சே இல்லை.

முதலில் வயர் மேல்தான் சந்தேகம். முனைகளைச் சீவி, முறுக்கி மறுபடி சொருகினேன். பின் ஸ்பீக்கரை முன் ஜாக்கில் மாட்டினால் நன்றாகப் பாடியது. எச்டிஎம்ஐ கேபிளை மாற்றியது வெட்டிச் செலவு. அப்புறம் ரிமோட்டில் சரவுண்ட் பட்டனை அழுத்தினால், செய்தி வாசிப்பவர் குரல்கூட முதுகுக்குப் பின்னால் லேசாகக் கேட்டது! சரியாகிவிட்டது என்று ஒரு நாள் ஏமாந்தேன். அது ஸ்டீரியோவைப் பரப்பிக் காட்டும் வித்தைதான்.

ஆம்ப்ளிஃபையரின் டெஸ்ட் டோன் ஐந்திலும் கேட்டது. அப்படியானால் கோளாறு அதற்கு முன்னால்தான். படம் தொடங்கும்போது ஆம்ப்ளிஃபையரின் சின்னத் திரையில் இரண்டு நொடி ‘பிசிஎம்’ என்று வந்து மறைவதை அப்போதுதான் கவனித்தேன். பிசிஎம் என்பது சுருக்காத டிஜிட்டல் ஒலி; ஏஆர்சியில் அது என்றால் இரண்டே சேனல், அதாவது இரண்டே ஒலித்தடம். ஆறும் போக வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டல் போன்ற முறையில் சுருக்கித்தான் அனுப்ப வேண்டும்.

டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட்டை ‘பிட்ஸ்ட்ரீம்’ (சுருக்கிய ஒலியாகவே அனுப்புவது) ஆக்கப் பார்த்தேன். சில டிவிகளில் இதுவே ‘பாஸ் த்ரூ’. என் டிவியில் அந்த வரி மங்கலாக, தொட முடியாமல் கிடந்தது. சவுண்ட் அவுட்புட்டை வெளி ஸ்பீக்கருக்கு மாற்றிய பிறகே அதற்கு உயிர் வந்தது; பிட்ஸ்ட்ரீம் ஆக்கினேன். படத்தின் ஆடியோ டிராக்கிலும் 5.1-ஐத் தேர்ந்தெடுத்தேன்.

இப்போது திரையில் ‘டால்பி டி’. மழை பின்னாலிருந்து பெய்கிறது. அப்பாடா!