ஆச்சியின் ஆடாதோடைக் கஷாயமும் மூன்று நாள் கணக்கும்

எங்கள் வீட்டில் யாருக்காவது இருமல் பிடித்தால், அடுப்பில் கஷாயம் ஏறுவதற்கு முன்பே ஆச்சி மஞ்சள் துணியில் ஒண்ணேகால் ரூபாயை முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவாள். காரையாற்றில் கோயில் கொண்டிருக்கும் சொரிமுத்து அய்யனாருக்கு. அதற்குப் பிறகுதான் கொல்லைக்குப் போவாள். போனாலும் சும்மா கை வைக்க மாட்டாள். "தாயி, புள்ளைக்குச் சொகமில்ல, ஒரு பிடி தந்துரு" என்று செடியிடம் கேட்டுவிட்டுத்தான் இலை பறிப்பாள். பொழுது சாய்ந்துவிட்டால் செடியைத் தொடவே கூடாது. அது தூங்குமாம்.

இது அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்தில். இப்போது நான் தாம்பரத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். போன மாதம் மகள் போன் செய்து, "அம்மா, ஆச்சி கஷாயம் எப்படிப் போடறது, அளவோட எழுதி அனுப்பு" என்றாள். அவளுக்கு எழுதியதைத்தான் கொஞ்சம் நீட்டி இங்கே வைக்கிறேன். இது சாதாரணச் சளிக்கும், சளி கட்டிக்கொண்டு வெளியே வராமல் படுத்தும் இருமலுக்கும் மட்டும். வேறு எதற்கும் இல்லை.

முதலில் இலை சரியாக இருக்க வேண்டும். 'ஆடு தொடா இலை' என்பதுதான் ஆடாதோடை ஆயிற்று என்பார்கள். கண்டதையும் கடிக்கும் எங்கள் வெள்ளாடு இதை மட்டும் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அதனால்தான் ஊரில் வேலியோரமாக இதை நட்டு வைத்திருந்தார்கள். பார்க்க மாவிலை மாதிரி நீளமாக இருக்கும், ஆனால் மாவிலையின் விறைப்பு இருக்காது. தண்டில் எதிரும் புதிருமாக ஜோடி ஜோடியாக வரும். பூ வெள்ளை, உள்ளே ஊதாக் கீற்று. இலையைக் கசக்கினால் ஒரு மக்கல் வாடை அடிக்கும். இவ்வளவு சொல்லியும் சந்தேகமாக இருந்தால் பறிக்காதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த இலை கிடைக்கும். இல்லை, தெரிந்தவர் வீட்டிலிருந்து ஒரு குச்சி வாங்கி நட்டுவிடுங்கள். பென்சில் கனம், ஒரு சாண் நீளம், இரண்டு கணு மண்ணுக்குள் போக வேண்டும். ஐப்பசி மழையில் வைத்தால் கவனிக்காமல் விட்டாலும் பிழைத்துக்கொள்ளும். என் வீட்டில் பழைய பெயின்ட் வாளி ஒன்றில் நிற்கிறது. சாலையோரச் செடியில் மட்டும் பறிக்க வேண்டாம், புகையும் தூசியும் அப்பிக் கிடக்கும்.

கஷாயம் போடும் விதம்

பெரியவர் ஒருவருக்கு, ஒரு நாளைக்கு: முற்றிய இலை ஐந்து, மிளகு பத்து, விரல் கணு அளவு சுக்கு, கிடைத்தால் அரிசித் திப்பிலி இரண்டு. கொழுந்தும் வேண்டாம், பழுத்ததும் வேண்டாம். இலையை நன்றாக அலசி, நடு நரம்பைக் கிழித்துப் போட்டுவிட்டு, கையாலேயே பிய்த்துக்கொள்ளுங்கள்.

சுக்கின் தோலைக் கட்டாயம் சீவ வேண்டும். 'சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு' என்பது பழைய சொல். நஞ்சு என்றவுடன் பயப்பட வேண்டாம். ஆனால் சுண்ணாம்பு பூசி வெளுத்த சுக்கும் கடைக்கு வருகிறது என்பதால், சீவுவதற்கு இன்றைக்கும் காரணம் இருக்கிறது. சீவிய சுக்கை மிளகோடும் திப்பிலியோடும் சேர்த்து ஒன்றிரண்டாகத் தட்டினால் போதும். ஆச்சி தட்டும்போது, "சுக்குக்கு மிஞ்சின வைத்தியமும் இல்ல, சுப்பிரமணியருக்கு மிஞ்சின சாமியும் இல்ல" என்று ஒவ்வொரு இடிக்கும் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லுவாள். அந்தப் பழமொழி முடியும்போது சுக்கும் பதமாக உடைந்திருக்கும். அவளுக்கு அதுதான் கணக்கு.

இனி தண்ணீர். மொத்தம் நான்கு டம்ளர், 800 மில்லி. அது நாலில் ஒன்றாக, அதாவது ஒரு டம்ளராக வற்ற வேண்டும். எப்போது ஒரு டம்ளர் ஆயிற்று என்று எப்படித் தெரியும்? முதலில் பாத்திரத்தில் ஒரு டம்ளர் மட்டும் ஊற்றி, ஒரு ஈர்க்குச்சியை நிறுத்தி, நனைந்த இடத்தில் நகத்தால் கீறிக்கொள்ளுங்கள். பிறகு மீதி மூன்று டம்ளரை ஊற்றி எல்லாவற்றையும் போட்டு அடுப்பில் வையுங்கள். நடுநடுவே அதே குச்சியை விட்டுப் பார்த்தால் போதும். மண்சட்டி நல்லது, எவர்சில்வரும் சரி, அலுமினியம் வேண்டாம்.

தீ சிறியதாக இருக்கட்டும். சித்த வைத்தியத்தில் இதைத் தீபாக்கினி என்பார்கள், விளக்குச் சுடர் மாதிரி எரிவது. காஸ் அடுப்பில் சிம்முக்குக் கீழே போக வழியில்லை, அதுவே போதும். என் அடுப்பில் முக்கால் மணி நேரத்துக்கு மேலேயே ஆகிறது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் தண்ணீர்தான் போகும், சாறு இறங்காது. வடிகட்டி, வெதுவெதுப்பானதும் பனங்கற்கண்டோ ஒரு ஸ்பூன் தேனோ சேர்த்து, சாப்பாட்டுக்குப் பிறகு 60 மில்லி வீதம் மூன்று வேளை. மறுநாளுக்கு மிச்சம் வைக்காதீர்கள், புதிதாகப் போடுங்கள். ஒரு முறை தொண்டை சீக்கிரம் தெளியட்டும் என்று நான் முழு டம்ளரையும் ஒரே மடக்கில் குடித்தேன். கஷாயமும் காலை இட்லியும் சேர்ந்தே வெளியே வந்தன.

'ஆடாதோடை இலையால் பாடாத நாவும் பாடும்' என்று ஊரில் சொல்வது வெறும் பேச்சில்லை. இந்த இலையில் வாசிசின் என்றொரு பொருள் இருக்கிறது. பல இருமல் சிரப்புகளில் வரும் புரோம்ஹெக்சின், அந்த வாசிசினை முன்மாதிரியாக வைத்து உருவாக்கியதுதான். புரோம்ஹெக்சின் உடம்பில் மாறும்போது கிடைப்பது அம்ப்ராக்சால். சளியை இளக்குவதுதான் இவற்றின் வேலை. அதனால் டாக்டர் அந்த சிரப்பைக் கொடுத்திருந்தால் கஷாயத்தை நிறுத்திவிடுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு ஆள் எதற்கு?

கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. இதே வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்க வைக்கும் குணமும் உண்டு. ஐந்து வயதுக்குக் கீழே நான் கொடுப்பதில்லை, அதற்கு மேல் பன்னிரண்டு வரை பாதி அளவு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவுவதுகூட ஆபத்து, ஆச்சிக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். மிளகும் திப்பிலியும் சில மாத்திரைகள் உடம்பில் சேரும் அளவைக் கூட்டிவிடும். வலிப்பு, சர்க்கரை என்று தினமும் மருந்து எடுப்பவர்கள் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும். கேட்கவும் இடம் இருக்கிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் சித்தப் பிரிவு உண்டு. எங்கள் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே 2005 முதல் இருக்கிறது.

மூக்கடைப்புக்கு நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கலாம். குழந்தைகளைக் கொதிக்கும் பாத்திரத்துக்குப் பக்கத்தில் விடாதீர்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள்

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆச்சியின் கஷாயத்துக்கு மூன்று நாள் ஆயுசு. மூன்றாம் நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பாள். குறைந்திருந்தால் நெற்றியில் திருநீறு, விளையாடப் போகலாம். குறையவில்லை என்றால் மறுநாள் முதல் பஸ்ஸில் அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரி. அதில் அவளுக்கு ஒரு கூச்சமும் கிடையாது. "நான் குடுக்கறதக் குடுத்தேன், தீர்க்கறது அவன். அவன் டாக்டர் கையில வச்சிருந்தா அங்கதான் போவணும்" என்பாள். குணப்படுத்துவது தான் இல்லை என்று நினைத்ததால், தன் மருந்து தோற்றது என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை. இப்போது வாட்ஸ்அப்பில் 'நிச்சயம் குணமாகும்' என்று வரும் குறிப்புகளில் நம்பிக்கை நிறைய இருக்கிறது, இந்தப் பணிவுதான் இல்லை.

எனக்கும் அது இல்லாமல் போன ஒரு சமயம் உண்டு. மகனுக்கு ஏழு வயது. ஆச்சி போய் இரண்டு வருடம். இருமல் வந்தது, கஷாயம் கொடுத்தேன். மூன்றாம் நாள் குறையவில்லை. நாளைக்குக் குறையும், நாளைக்குக் குறையும் என்று ஆறு நாள் ஓட்டினேன். ஆச்சியின் மருந்து பொய்க்காது என்ற வீம்பு. ஏழாம் நாள் இரவு மூச்சு விடும்போது விலா உள்ளே ஒட்டியது. நிமோனியா. ஐந்து நாள் ஊசி. டாக்டர் திட்டவில்லை, "என்னைக்கு ஆரம்பிச்சுது?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. ஆச்சியிடமிருந்து இலையைக் கற்றுக்கொண்டு கணக்கை விட்டுவிட்டேன்.

ஆகவே மூன்று நாள். மூச்சு வாங்கினாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ, காய்ச்சல் கொதித்தாலோ அந்த மூன்று நாளும் கிடையாது, உடனே கிளம்புங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை, அரசு மருத்துவமனையில் இலவசம்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கேட்டு வருபவர்களிடமும் ஆச்சி, "கண்ணு மஞ்சளானா என் கையில இல்ல" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். 1988-இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்து நல்ல பலன் கண்டதாக லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் வரவில்லை. ஆச்சி எந்த இதழையும் படித்ததில்லை.

சரி, காசு முடிவது பற்றி மகள் கேட்டாள், அவசியமா என்று. கஷாயத்துக்கு அவசியமில்லை. எனக்கு அவசியம். முடிச்சு கண்ணில் படும்போதெல்லாம் இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று எண்ணத் தோன்றுகிறது. சேர்ந்த முடிச்சுகளை ஆடி அமாவாசைக்குக் காரையாறு போகிறவர்களிடம் கொடுத்துவிடுவேன். ஒரே சிக்கல், கால் ரூபாய் 2011-லேயே செல்லாமல் போய்விட்டது. ஆச்சியின் டப்பாவில் இருந்த பழைய நாலணா ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதை முடிந்து, அனுப்பும் முன் எடுத்து வைத்துக்கொண்டு ஐந்து ரூபாயைப் போட்டுவிடுகிறேன். அய்யனார் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.