கல்யாண ப்ளூ-ரே டிஸ்க்கைக் கணினியில் சேமிக்க

ஸ்டுடியோவில் கொடுத்த கல்யாண ப்ளூ-ரே டிஸ்க் வீட்டில் இருந்தால், கீறல் விழும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். சாதாரண டிவிடி டிரைவ் இதைப் படிக்காது. ப்ளூ-ரேவுக்கு நீல-ஊதா லேசர் வேண்டும். யுஎஸ்பியில் இணைக்கும் ப்ளூ-ரே டிரைவ் போதும். அதை ஹப்பில் (ஒரு யுஎஸ்பி துளையைப் பலவாக்கும் கருவி) செருகாமல் நேராகக் கணினியிலேயே செருகுங்கள். மின்சாரம் பற்றாவிட்டால் பாதியில் நின்றுவிடும்.

ஓரடுக்கு டிஸ்க்கில் 25 ஜிபி, ஈரடுக்கில் 50 ஜிபி வரை இருக்கும். கணினியில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேக்எம்கேவி மென்பொருளில் திறங்கள். தரம் துளியும் குறையாமல் எம்கேவி என்ற வகை வீடியோ கோப்பாக வந்துவிடும். கைப்பேசியில் பார்க்க வேண்டுமா? அப்புறம் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டுச் சுருக்கிக்கொள்ளலாம். ஆனால் பெரிய கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். சுருக்கியதிலிருந்து பழைய தரம் திரும்ப வராது.