மதுரை ஜிகர்தண்டா சுற்று: கூட்டாளிகளோடு போகும்போது செய்யும் தப்புகள்

ஆறு பேர் போனால் முதல் கடையிலேயே ஆறு ஸ்பெஷல் ஜிகர்தண்டா சொல்லிவிடுவார்கள். அத்தோடு அந்த மாலை முடிந்தது. சுண்டக் காய்ச்சிய பால், ஐஸ்கிரீம், தலையில் பாசந்தி என்று ஒரு டம்ளரே அரைச் சாப்பாட்டுக்குச் சமம். குடித்தவர் அடுத்த கடையில் வேடிக்கைதான் பார்ப்பார். தலைக்கு ஒன்று என்ற கணக்கை விட்டுவிட்டு, ஆறு பேருக்கு மூன்று சொல்லுங்கள், கூட மூன்று காலி டம்ளர் கேளுங்கள். காலி டம்ளரை ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். கூட்டம் நெருக்குகிற நேரத்தில் திரும்பப் போய்க் கேட்டால் கிடைப்பது முறைப்புதான்.

பிரித்து ஊற்றுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டம்ளரின் அடியில் பிசினோ கடல்பாசியோ விழும். அதன்மேல் நன்னாரி சர்பத், குளிர்ந்த பால், ஒரு உருண்டை ஐஸ்கிரீம், கடைசியாக ஒரு கரண்டி பாசந்தி. அப்படியே சாய்த்தால் ஒருவருக்குப் பாலும் பாசந்தியும் போகும். மற்றவருக்குப் பிசினும் சர்பத்தும் மிஞ்சும். பாசந்தியை முதலில் ஸ்பூனால் பங்கு போட்டுவிட்டு, அடியிலிருந்து இரண்டு முறை தூக்கிக் கலக்கி, பிறகு ஊற்றுங்கள்.

தனியாகக் குடிக்கிறவர்களும் கலக்குவதில்தான் கோட்டை விடுகிறார்கள். மோர் கடைவதுபோல் கடைந்தால் ஐஸ்கிரீம் கரைந்து எல்லாம் ஒரே இனிப்புப் பாலாகிவிடும். கலக்காமலே ஸ்ட்ராவை அடிவரை செருகி உறிஞ்சினால் வாய் நிறைய சர்பத், கடைசியில் சப்பென்ற பால். மேலே இரண்டு ஸ்பூன் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, கீழிருந்து மேலாக இரண்டு தூக்கு. அவ்வளவுதான். ஜிகர் என்றால் ஈரல், தண்டா என்றால் குளிர்ச்சி. நமக்கு ஈரக்குலை நடுங்கித்தான் பழக்கம், இங்கே அது குளிர்கிறது.

பாதாம் பிசினும் கடல்பாசியும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறைய. பிசின் மரத்திலிருந்து வடிவது. ராத்திரி முழுக்க ஊறினால் ஒரு தேக்கரண்டி ஒரு கிண்ணம் அளவுக்குப் பொங்கும், வாயில் வழுக்கிக்கொண்டு போகும். கடல்பாசியைக் கொதிக்கவைத்து, உறையவிட்டு நறுக்குவார்கள். பல்லுக்கு லேசாகக் கடிபடும். எது போட்டாலும் தப்பில்லை. ஆனால் பிசினின் நடுவில் கல் போல் ஒரு முடிச்சு பல்லில் சிக்கினால் அது சரியாக ஊறவில்லை. விழுங்காமல் துப்பிவிடுங்கள், ஊறாத பிசின் வயிற்றுக்குள் போய்த் தண்ணீரை இழுத்து உப்பும்.

அடுத்தது நிறம். நல்ல ஜிகர்தண்டா பளிச்சென்று இருக்காது; மங்கிய பழுப்பாக இருக்கும். பாலை நிதானமான தீயில் மணிக்கணக்கில் சுண்டவிடும்போது தானாக வருகிற நிறம் அது. ரோஜா நிறத்தில் பளபளத்தால் ரோஸ்மில்க் குடிக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளலாம். 'ஃபேமஸ்' என்ற சொல்லை மட்டும் நம்பி நுழையவும் கூடாது, மதுரையில் அது பல பலகைகளில் இருக்கிறது. விளக்குத்தூண் பக்கம் 1977 முதல் நடக்கும் கடையைத் தேடுகிறவர்கள், ஆட்டோவில் ஏறும்போதே "விளக்குத்தூண்" என்று இடத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

எதை முதலில், எதைப் பிறகு என்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். குளிர்ச்சி நாக்கை மரக்கச் செய்துவிடும். ஜிகர்தண்டா குடித்த கையோடு பருத்திப்பால் குடித்தால் கருப்பட்டி வாசமும் சுக்குக் காரமும் தெரியவே தெரியாது. சூடான மாவுக் கஞ்சி போலிருக்கும். பல் கூசுவது தனிக் கொடுமை. எனவே பருத்திப்பால் முதலில். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் அரிசிமாவு சேர்த்துக் காய்ச்சுவதால், ஆறினால் ஏடு கட்டிக் கெட்டியாகிவிடும். போட்டோ எடுத்து முடிக்கும்வரை வைத்திருக்காதீர்கள். அதன்பின் ஏதாவது காரம்: சுண்டலோ, வடையோ. அரை மணி நேரம் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள மாசி வீதிகளில் நடை. ஜிகர்தண்டா கடைசியில்.

அல்வாவை இந்த வரிசையில் எங்கே வைப்பது? எங்கேயும் வைக்காதீர்கள். நெய் வடியும் சூடான அல்வாவுக்குப் பிறகு எந்தப் பாலும் இனிக்காது. அதற்கு இன்னொரு மாலை ஒதுக்குங்கள்: ஆளுக்கு 50 கிராம் இலையில், பக்கத்தில் ஒரு பிடி மிக்சர். கால் கிலோ பொட்டலத்தைக் கடைவாசலிலேயே பிரிப்பது வீர விளையாட்டு. பொட்டலம் ஊருக்குப் போகட்டும்.

சர்க்கரை உள்ள நண்பரிடம் "சீனி கம்மியாப் போடச் சொல்லு" என்று சொல்லி ஏமாற்றாதீர்கள். பாசந்தியிலும் ஐஸ்கிரீமிலும் இனிப்பு முன்னாலேயே ஏறியாயிற்று. சர்பத்தை மட்டும்தான் குறைக்க முடியும். பருத்திப்பாலிலும் வெல்லமோ கருப்பட்டியோ அண்டாவிலேயே கலந்திருக்கும். அவருக்குச் சுண்டலும் சர்க்கரை இல்லாத டீயும் வாங்கிக் கொடுங்கள்.

நேரத்துக்கு வருவோம். மதியம் பிரியாணியை ஒரு கை பார்த்துவிட்டு நேரே ஜிகர்தண்டா கடைக்குப் போவது வெளியூர்க் கோஷ்டிகளின் வழக்கம். பாதி டம்ளரில் நெஞ்சைக் கரிக்கும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மீனாட்சியம்மன் கோயில் நடை மதியம் 12.30-க்குச் சாத்தி 4 மணிக்குத் திறக்கும். கோயிலையும் சேர்த்துப் பார்ப்பதென்றால் 4 மணிக்குத் தரிசனம், அதன்பின் சுற்று. காரை மாசி வீதிக்குள் கொண்டுவராதீர்கள். நிறுத்த இடம் தேடும் நேரத்தில் ரயில் நிலையத்திலிருந்து டவுன்ஹால் ரோடு வழியாக நடந்தே வந்துவிடலாம்.

பார்சல் வாங்கினால் அரை மணிக்குள் வீடு போய்ச் சேருகிற தூரமாக இருக்க வேண்டும். வெயிலில் பஸ் ஏறினால் ஐஸ்கிரீம் உருகி, பால் தனி, சர்பத் தனியாகப் பிரிந்துவிடும். அதைத் திரும்ப ஃப்ரீசரில் வைத்தால் ஐஸ் பொடிப்பொடியாகக் கட்டுமே தவிர, பழைய பதம் வராது. தூரமாகப் போகிறவர்கள் பாசந்தியை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேட்டு வாங்கிக்கொண்டு, பாலையும் பிசினையும் வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.