வேர்க்கால்களை வருத்தாத சவுரியைத் தேர்ந்தெடுக்கும் முறை

திருமணத்துக்கோ நாட்டிய அரங்கேற்றத்துக்கோ சவுரி (சொந்த முடியுடன் சேர்த்து அணியும் ஒட்டுமுடி) வாங்குபவர்கள் பெரும்பாலும் நீளத்தையும் நிறத்தையும் மட்டுமே பார்க்கிறார்கள். ஆனால் இயற்கைக் கூந்தலைக் கெடுப்பது சவுரியின் எடையும் அது ஏற்படுத்தும் இழுவையும்தான். இழுவை தொடர்ந்தால் நெற்றியோரத்திலும் காதோரத்திலும் முடி மெலியத் தொடங்கும். தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டால் மீண்டும் வளர வாய்ப்புண்டு, ஆண்டுக்கணக்கில் நீடித்தாலோ வேர்க்கால்கள் தழும்பாகி அவ்விடம் நிரந்தரமாக வழுக்கையாகலாம்.

ஆகவே சவுரியைக் கையில் தூக்கிப் பார்த்து, குஞ்சலம், ஜடைநாகம் முதலிய பின்னல் அணிகள் சேரும்போது எடை இன்னும் கூடும் என்பதை மனத்தில் வைத்து, இயன்றவரை இலேசானதையே வாங்குங்கள். உச்சந்தலையில் இறுக்கிக் கட்டுவதைவிட, பிடரிக்கருகில் மூன்று காலாகப் பிரித்துச் சொந்த முடியுடன் தளர்வாகப் பின்னுவது நல்லது. ஈர முடி எளிதில் அறுந்துவிடும் என்பதால், நன்றாக உலர்ந்த பிறகே பின்ன வேண்டும்.

இயற்கை முடிச் சவுரியானால், ஒரு கற்றையை விரலிடுக்கில் பிடித்து மேலிருந்து நுனி வரை உருவிப் பாருங்கள். அது வழுவழுப்பாகவும், எதிர்த்திசையில் உருவும்போது சற்றே சொரசொரப்பாகவும் இருந்தால், இழைகள் ஒரே திசையில் அடுக்கப்பட்டுள்ளன என்று கொள்ளலாம். அத்தகைய முடி எளிதில் சிக்காது.

அவ்வப்போது மட்டும் அணிபவர்களுக்குக் கிளிப் வகையே என் பரிந்துரை, ஏனெனில் அதை அன்றிரவே கழற்றிவிடலாம். பசையிலோ டேப்பிலோ ஒட்டுபவை எண்ணெய் பட்டால் நழுவும் என்பதால், வாராவாரம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்களுக்கு அவை பொருந்தா. எந்த வகையானாலும், அணிந்தபின் தலை வலித்தாலோ வேரடியில் சிறு கொப்புளங்கள் தோன்றினாலோ உடனே கழற்றிவிடுங்கள்.