விரிசல் விட்ட பம்பரைத் தூக்கி எறியாதீர்கள்

முதலில் பம்பரைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். எந்த பிளாஸ்டிக் என்பதை அங்கேயே அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் 'பிபி', அதாவது பாலிபுரொப்பிலீன். சாதாரண உடனடிப் பசை இதில் நிற்கவே நிற்காது. தடவிவிட்டுப் பிறகு வருந்த வேண்டாம்.

பள்ளம் மட்டும் விழுந்திருந்தால் வேலை சுலபம். கொதிக்கும் நீரை அந்த இடத்தில் மெதுவாக ஊற்றி, தடித்த கையுறையுடன் உள்ளிருந்து அழுத்துங்கள். நிமிர்ந்ததும் குளிர்ந்த நீர் ஊற்றினால் அப்படியே நிலைத்துவிடும். பெயின்ட் ஏற்கெனவே வெடித்திருந்தால் அது உரியக்கூடும்.

விரிசலுக்குத்தான் பொறுமை வேண்டும். அதன் நுனியில் 3 மி.மீ. துளை போடுங்கள், அதற்கு மேல் கீறல் ஓடாது. பலர் தவறவிடுவது இதைத்தான். பின்புறத்தில் விரிசல் நெடுகப் பாதி ஆழத்துக்குப் பள்ளம் கீறி, சால்டரிங் அயர்னால் (மின்சாரத்தில் சூடாகும் பற்றவைப்புக் கருவி) துருப்பிடிக்காத எஃகு வலைத் துண்டை உருக்கிப் பதியுங்கள். மேலே அதே வகை பிளாஸ்டிக் குச்சியை உருக்கி நிரப்புங்கள். வேறு வகைக் குச்சி ஒட்டியதுபோல் தெரியும், ஆறியதும் பெயர்ந்து வரும். புகை நல்லதல்ல, திறந்தவெளியில் செய்யுங்கள். பெயின்டுக்கு முன் பிளாஸ்டிக் பிரைமர், அதாவது பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு, அவசியம்.

பம்பரைத் தாங்கும் கொக்கிகள் உடைந்திருந்தால் மட்டும் பம்பரையே புதிதாக மாற்றிவிடுங்கள்.